ஆள் இருந்தா ஏறுவேன்

உப்பேரிக் கரையில ஒரு மடம். மடம்னதும் கோபுரம் கீபுரம்னு நெனைச்சுக்காதீங்க. ஒரு கீத்துக் கொட்டாய், ஒரு குரு, ரெண்டு சீடனுங்க, ரெண்டு மரத்தோணி. அவ்ளோதான்.

குரு பேரு பூஷணம்மா. நாப்பது வயசு இருக்கும். சீடனுங்க முனிரத்தினம், தேசப்பன். ரெண்டு பேருமே அம்பதைத் தாண்டினவங்க. ஆளுக்கொரு தோணி. ஏரில தூண்டில் போட்டு எது கெடைக்குதோ, அதான் அன்னிக்கு மடத்துல கொழம்பு. தேசப்பனுக்குத் தூண்டிலு, துடுப்பு எல்லாமே பீச்சாங்கைதான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடிகாலையில பூஷணம்மா முகத்துவாரம் வரைக்கும் போவாங்க, ஏரி கடலைத் தொடுற எடத்துக்கு. எப்பவும் தேசப்பன் தோணிலதான்.

முனிரத்தினம் கரையில நின்னு பாப்பான். தோணி புள்ளியாவுற வரைக்கும் பாப்பான். புள்ளி மறைஞ்ச பெறவும் பாப்பான்.

அங்க தனியா இன்னாவோ சொல்லிக் குடுக்கறாங்க. தனக்குச் சொல்லாத ஒண்ணு. அதை நெனைச்சா அவனுக்குச் சோறே எறங்கல. எறங்கலன்னா, ரெண்டாவது வாட்டி போட்டுக்கல.

தேசப்பனையே கேட்டுப் பாத்தான்.

"முகத்துவாரத்துல தாயி இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலியேப்பா."

"ஒண்ணும் சொல்லலியேப்பா"ன்னு முனிரத்தினம் மூக்கால பேசிக் காட்டினான். அச்சு அசல். தேசப்பனே ஒரு தடவை திரும்பிப் பாத்தான், பின்னால இன்னொரு தேசப்பன் நிக்கிறானான்னு.

கடைசில குருகிட்டயே போனான். பூஷணம்மா மீன் கழுவிக்கினு இருந்தாங்க.

"தாயே, என் தோணில எப்ப ஏறுவீங்க?"

அவங்க தலை நிமிரல.

"ஆள் இருந்தா ஏறுவேன்."

முனிரத்தினம் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆள் இருந்தா. அப்ப நான் ஆள் இல்ல. தேசப்பன்தான் பெரிய ஆளு. நீயெல்லாம் ஒரு ஆளான்னு தாயி வாயாலயே கேட்டாச்சு.

அவன் தோணில அப்படி இன்னா இருக்குது?

அடுத்த பௌர்ணமி. வெளிச்சம் வர்றதுக்குள்ள முனிரத்தினம் தன் தோணியைக் கரையில உட்டுட்டு, தாழம்புதரைச் சுத்திக்கினு தேசப்பன் தோணிகிட்டப் போனான். எட்டிப் பாத்தான். வயிறு எரிஞ்சுது.

தூண்டில் கழியைச் சொருகி வெக்க ஒரு பிளாஸ்டிக் குழாய். மீன் இழுத்தா சத்தம் குடுக்க, கழி நுனியில ஒரு ஆட்டு மணி. நங்கூரக் கல்லு. தண்ணி மொண்டு ஊத்த ஒரு கொட்டாங்கச்சி. குந்தறதுக்கு டயர் துண்டு. அப்புறம் அடியில, பலகை மேல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரம் அடிச்சிருந்துச்சு.

தகரம் எதுக்கு?

தடவிப் பாத்தான். தட்டிப் பாத்தான். புரியல. புரியலன்னா அதுலதான் விஷயம் இருக்குது.

அதுக்குள்ள தேசப்பன் கனைக்கிற சத்தம். முனிரத்தினம் தாழம்புதருக்குள்ள பூந்துட்டான். முள்ளு குத்துச்சு. கத்த முடியுமா? தேசப்பன் சாவகாசமா வந்து, பல்லு வெளக்கி, தோணியைத் தள்ளி, ஒண்டியாப் போனான்.

முனிரத்தினம் முள்ளைப் புடுங்கிக்கினே தன் எடத்துக்குத் திரும்பி வந்தான். தோணிக்குள்ள ஒரு எலைப் பொட்டலம் இருந்துச்சு. பிரிச்சான். புளிச்சோறு. இன்னும் சூடா இருந்துச்சு.

ஏரியைப் பாத்தான். தேசப்பன் தோணி தூரத்துல போவுது. அதுல பூஷணம்மா குந்தினு இருந்தாங்க.

"நக்கலாடா? எனக்குச் சோறு போட்டுட்டு நீ தாயியை இட்டுக்கினு போறியா?"

பொட்டலத்தைத் தூக்கித் தண்ணில அடிச்சான். மீனுங்களுக்கு அன்னிக்கு விருந்து.

அன்னையிலேருந்து அவன் தூண்டில் போடவே போவல. தோணியைக் கரைக்கு இழுத்துக் கவுத்துப் போட்டு, சுத்தித் தட்டி கட்டிட்டான். உள்ள ஒரே டொக்கு டொக்குன்னு சத்தம்.

தேசப்பன் தட்டிக்கு வெளியே நின்னு கேட்டான். "இன்னாப்பா பண்ற?"

"ஒண்ணும் பண்ணலியேப்பா"ன்னு உள்ளேருந்து தேசப்பன் கொரல் வந்துச்சு.

அவன் ஒரு குழாய் வெச்சா இவன் ரெண்டு. அவனுக்கு ஆட்டு மணி, இவனுக்கு மாட்டு மணி. அவனுக்குக் கொட்டாங்கச்சி, இவனுக்குப் பித்தளைச் சொம்பு. டயர் துண்டு மேல மெத்தை. தகரம்? அவனுது உள்ளங்கை அளவு. இவன் சோத்துத் தட்டு அளவுக்கு வெட்டி, நீட்டு நீட்டு ஆணியா வாங்கி, சுத்திலும் அடிச்சான்.

பௌர்ணமி வந்துச்சு. தட்டியைப் பிரிச்சான். தோணி கல்யாண வண்டியாட்டம் நின்னுது.

"தாயே, இப்ப ஏறுவீங்களா?"

பூஷணம்மா தோணியைப் பாத்தாங்க. அவனைப் பாத்தாங்க. "நவுரு"ன்னு சொல்லிட்டு ஏறிக் குந்தினாங்க.

முனிரத்தினம் துடுப்பு போட்டான். பின்னால தேசப்பன் தன் தோணில ஒண்டியா வந்தான். முனிரத்தினம் திரும்பிப் பாத்தான். தாயியைப் பாத்தான். மறுபடியும் திரும்பிப் பாத்தான். அந்தச் சொகத்துக்கு ஒரு முகத்துவாரம் பத்தாது.

ஏரி நடுவுல மாட்டு மணி அலறிச்சு. மீன்!

சோத்துக்கையை நீட்டினான். ரெண்டு குழாயும் எடப்பக்கம். தேசப்பனுக்கு எந்தப் பக்கமோ, இவனுக்கும் அதே பக்கம். எட்டிப் புடிச்சான், எட்டல. ஒடம்பை முறுக்கினான். தோணி சாஞ்சுது. பித்தளைச் சொம்பு ப்ளக்குன்னு ஏரில போச்சு. கொடுவா மீன் கழியோட போச்சு. மணியும் போச்சு.

அப்பதான் காலு ஜில்லுன்னு இருந்துச்சு.

குனிஞ்சு பாத்தான். தகரத்தைச் சுத்தி, ஒவ்வொரு ஆணிக்கும் பக்கத்துலேருந்து தண்ணி பொங்கிக்கினு வருது.

"தாயே..."

பூஷணம்மா பொடவையைத் தூக்கிச் சொருகினாங்க. "தேசப்பா, கொட்டாங்கச்சியைத் தூக்கிப் போடு."

தேசப்பன் பீச்சாங்கையால வீசினான். அவங்க லபக்குன்னு புடிச்சு மொண்டு ஊத்த ஆரம்பிச்சாங்க. பழகின கை. ஒரு சொட்டு திரும்பி உள்ள சிந்தல. முனிரத்தினம் அந்தக் கையையே பாத்தான்.

"நீ துடுப்பைப் போடு, கரைக்கு."

போட்டான். மொண்டுக்கினே அவங்க காலால தகரத்தைக் காட்டினாங்க.

"இது எதுக்கு?"

"தேசப்பன் தோணிலயும் இருக்குது தாயே."

"அவன் தோணில அங்க ஓட்டை."

துடுப்பு நின்னுது.

"உன்னுதுல?"

"இல்ல தாயே." கொஞ்சம் யோசிச்சுட்டு, "இப்பதான் இருக்குது"ன்னான்.

பின்னாலேருந்து தேசப்பன் சிரிப்பை அடக்கினான். அடங்கல. கனைச்ச மாதிரி மாத்திக்கினான்.

"தகரம் அடிச்சும் அவனுது ஒழுகும். முகத்துவாரத்துல அலை வேற. ஒரு ஆள் துடுப்பு, ஒரு ஆள் தண்ணி. இல்லன்னா முழுவிடுவான்."

"அப்ப தனியா அங்க போயி நீங்க..."

"மொண்டு ஊத்துவேன்."

"சொல்லிக் குடுக்கறது?"

"சொல்லுவான். சீக்கிரம் மொள்ளுங்க தாயேம்பான்."

கரை வந்துச்சு. தோணி மணல்ல தட்டிச்சு. மெத்தை ஊறி ஒரு மூட்டையா கெடந்துச்சு. முனிரத்தினம் எறங்கல. முழங்கால் தண்ணில தோணிக்குள்ளயே குந்தினு இருந்தான்.

"எனக்கு மட்டும் ஏன் தாயே அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"ஆள் இருந்தா ஏறுவேன்னு. நான் ஒரு ஆளா இல்லியா?"

பூஷணம்மா எறங்கி நின்னு பொடவையைப் புழிஞ்சாங்க. கொட்டாங்கச்சியைக் கழுவி தேசப்பன் கையில குடுத்தாங்க.

"போன பௌர்ணமிக்கு வந்தேன் முனிரத்தினம். உனக்கும் எனக்கும் புளிச்சோறு கட்டிக்கினு வந்தேன். பொட்டலத்தை வெச்சுட்டு, தேசப்பன் தோணி இந்தப் பக்கம் வர்ற வரைக்கும் மணல்லயே குந்தினு இருந்தேன்."

முனிரத்தினம் நிமிந்து பாத்தான்.

"தோணி இருந்துச்சு."