குப்புறப் போட்ட ஆக்சில்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். கடல் காற்று பாதிப் பேச்சைக் கொண்டுபோய்விடும். இந்தக் கதையில் ஒரு பேச்சு தவறினாலும் விடை கைக்கு வராது.

கருவேலந்துறையில் இருளாண்டி என்று ஓர் உப்பளக்காரர். அவர் பாத்திகள் களிமண் சேற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தன. மாட்டு வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் புதையும். அந்தச் சேற்றைத் தாண்டக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: பட்டாளம் கழித்துப் போட, அவர் அப்பா ஏலத்தில் எடுத்த பழைய லாரி. மார்பளவுச் சக்கரம். ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் வெடித்துச் செத்து, வண்டி கோழி அடையும் கூடாகிக் கிடந்தது.

மிக்கேல் என்ற மீனவரிடம் டீசல் எஞ்சின் இருந்தது, படகு இல்லை. படகு பாறையில் மோதி உடைந்துபோயிற்று. லேத் பட்டறை அன்னக்கொடியிடம் இரண்டுமே இல்லை, கை இருந்தது.

மூவரும் சேர்ந்தார்கள். இருளாண்டி ஒரு பிடி உப்பை நடுவில் வைத்தார். மூவரும் அதன்மேல் கை வைத்தார்கள். யார் தன் பொருளைக் கேட்டாலும், கொடுத்தது கொடுத்தபடியே அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது பேச்சு. அந்த ஊரில் உப்பில் கை வைத்துச் சொன்னதை மீறினவர் பாத்தியில் ஒரு ஆள் வேலைக்கு இறங்காது.

அன்னக்கொடி ஒரு கனத்த இரும்புத் தட்டைக் கடைந்து, படகு எஞ்சினையும் லாரியின் கியர்ப் பெட்டியையும் இணைத்தாள். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. இருளாண்டி முதல் கியரைப் போட்டார். லாரி பின்னால் போய் டீக்கடைப் பந்தலைச் சாய்த்தது.

"என்ன அண்ணாச்சி, பட்டாளத்து வண்டி பின்வாங்குது?" என்றார் டீக்கடைக்காரர், கிளாஸைப் பொறுக்கிக்கொண்டே.

அந்தப் படகு எஞ்சின் லாரி எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அன்னக்கொடி வண்டிக்கு அடியில் போய், பின் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் ஆக்சிலை மேல்கீழாகப் புரட்டி மாட்டினாள்; அப்போது சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆயில் ஊற்றும் துளை அடிப்பக்கம் போய்விட்டது. அதை அடைத்து, மேலே புதிதாக ஒன்று போட்டாள். லாரி நேராக ஓடியது.

"இனிமே வேற எந்த லாரி எஞ்சினை வெச்சாலும் இது பின்னாலதான் போகும், தங்கச்சி" என்று மிக்கேல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இருளாண்டியின் உப்பும், மிக்கேல் கரையில் வாங்கி விற்ற மீனும் அதே லாரியில் போய்க்கொண்டிருந்தன. ஒரு புரட்டாசிக் கடைசியில், அந்த வருசத்து உப்பெல்லாம் பாத்திக் கரையில் குவிந்து கிடக்க, கீழ்வானம் கறுத்தது. அந்தக் காலையில்தான் மிக்கேல் வந்தார். உட்காரவில்லை. பக்கத்துத் துறையில் ஒரு படகுக்கு எஞ்சின் வேண்டுமாம். பொழுது சாய்வதற்குள் கொண்டுபோனால் அவருக்குப் படகில் பங்கு. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறொருவர் காத்திருக்கிறார். இங்கே அவர் மகன்கள் கூலிக்கு வெளியூர் போகத் துணி மூட்டை கட்டிவிட்டார்கள்.

"இன்னைக்கா வே? மேகத்தைப் பாரும். நாளைக்குக் கேளும்."

"நாளைக்கு எனக்குப் படகு இல்ல, அண்ணாச்சி."

"மழை விழுந்தா எனக்கு வருசமே இல்ல."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்து நிக்கேன்."

இருளாண்டி அன்னக்கொடியைப் பார்த்தார். "உன் தட்டும் வீணாப் போகும், தாயி. அது வேற எதுக்கும் பொருந்தாது. நீயாவது வேணாம்னு சொல்லு."

"நானும் உப்புல கை வெச்சிருக்கேன், அண்ணாச்சி."

இருளாண்டி எஞ்சின் மூடியைத் தூக்கி, "கழத்து" என்றார்.

எஞ்சின் போயிற்று. மதியமே மழை இறங்கிவிட்டது. சேற்றுக்கு இந்தப் பக்கம் நின்று இருளாண்டி பார்த்துக்கொண்டிருந்தார். குவியல்கள் தாழ்ந்து தாழ்ந்து, தரையோடு தரையாயின. லாரி எஞ்சின் இல்லாமல் வாயைத் திறந்து நின்றது.

இப்போது சொல்லுங்க. மிக்கேல் கேட்டார், இருளாண்டி கொடுத்தார், அன்னக்கொடி கழற்றினாள். இதில் யார் செய்தது சரி?

மிக்கேல் கேட்டதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருளாண்டி கொடுத்ததும் சரிதான்; சரியாக நடந்துகொண்டதற்காக மழை நின்றுவிடவில்லை. ஆனால் உப்பில் வைத்த பேச்சை முழுசாக நினைத்துப் பார்த்தவள் அன்னக்கொடி ஒருத்திதான். மிக்கேலின் எஞ்சின் கொடுத்தபடியே அவர் கைக்குப் போயிற்று. இருளாண்டியின் லாரி அப்படியா திரும்பி வந்தது? அதன் ஆக்சில் இன்னும் குப்புறத்தான் கிடந்தது. இனி அதற்கு ஓர் எஞ்சின் எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாது. அவளுக்கும் தெரியாது. கொட்டுகிற மழையில் ஒரு சாக்கை விரித்து அவள் லாரிக்கு அடியில் போனாள். ஜாக்கியும் சங்கிலியும் கொடுத்து ஆக்சிலை இறக்கி, பழையபடி புரட்டி மாட்டினாள். தான் போட்ட துளையை அடைத்தாள். பழைய துளையைத் திறந்து ஆயில் ஊற்றினாள்.