பதினான்கு மரம் வென்ற ஆள்காட்டி

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மரங்களுக்காக அவை சண்டை போடவில்லை, விளையாடித் தீர்த்துக்கொண்டன. ஏரிக்கரையில் பதினான்கு மரங்கள் ஒரே வரிசையாக நின்றன. ஏரிக்கு நடுவே ஒரு மண்திட்டில் கருவேல மரம் ஒன்று. மழை ஓய்ந்ததும் நாரை கரையோரப் பாறையில் மரத்துக்கு ஒன்றாகப் பதினைந்து கட்டங்கள் கீறும். ஒவ்வொரு முறைக்கும் மூன்று புளியங்கொட்டைகள் கிடைக்கும். பக்கத்துக் கட்டத்தில் இருப்பதைவிட அதிகக் கொட்டைகளோடு நுழைந்தால் அந்த மரம் கைமாறும். கிளம்பிய கட்டத்தில் ஒரு கொட்டையாவது விட்டுவர வேண்டும். மிச்சம் இருக்கும்வரை அதே முறையில் அடுத்தடுத்த கட்டங்களுக்கும் போகலாம். பாறையின் நிழல் தண்ணீரைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

அப்போது ஆள்காட்டிக் குருவியும் மரத்தில்தான் வாழ்ந்தது. மேற்குக் கோடி இலுப்பையில் அதன் கூடு. கூட்டில் நான்கு முட்டைகள்.

அந்த வருடம் ஆட்டம் தொடங்குமுன் ஆள்காட்டி ஒரு புது விதி கேட்டது.

"வருஷா வருஷம் தோத்தவங்க திரும்ப வந்து கிளையில ஒட்டிக்கிறாங்க. அப்புறம் ஜெயிச்சு என்ன பிரயோசனம்? கூடு இருக்கற மரம் போனா எல்லா மரமும் போச்சு. அந்த வம்சமே இனிமே மரத்துல கால் வைக்கக் கூடாது."

நாரை எல்லோரையும் பார்த்தது. யாரும் மறுக்கவில்லை. தோற்கப்போவது பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் நினைத்ததுதான் காரணம்.

ஆள்காட்டிக்கு ஆட்டம் தெரியும். முதலில் திட்டில் குடியிருந்த மைனாவிடம் பேசியது. "நீ கரைப்பக்கம் வராதே. நான் திட்டுப்பக்கம் வர மாட்டேன்." மைனா ஒப்புக்கொண்டு, புதிதாகக் கொட்டை வாங்காமல் தன் பத்துக் கொட்டைகளோடு சும்மா இருந்தது. முதுகுப் பக்கம் பயமில்லாத ஆள்காட்டி, கொண்டைக்குருவியையும் மீன்கொத்தியையும் மரங்கொத்தியையும் ஒவ்வொன்றாக வெளியேற்றியது. அவை குஞ்சு குட்டிகளோடு பாறையோரம் வெயிலில் நின்றன.

கிழக்குக் கோடி உடைமரம் மட்டும் மிஞ்சியது. அது தவிட்டுக்குருவிகள் ஏழு பேருடையது. அக்கா தங்கைகள். முறை வரும்போதெல்லாம் மூன்று கொட்டைகளையும் அந்த ஒரே கட்டத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தன.

"ஏழு பேர் சேந்து ஒரு கட்டத்த அடைகாக்கறீங்களா?" என்றது ஆள்காட்டி.

"எங்களுக்கு ஒண்ணு போதும் அண்ணே," என்றாள் மூத்தவள். "உங்களுக்கு எத்தனை போதும்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

உடைமரத்தில் பதினெட்டுக் கொட்டைகள் சேர்ந்திருந்தன. அதற்கு அடுத்த வேம்பில் ஆள்காட்டி இருபது வைத்திருந்தது. மற்றப் பன்னிரண்டு மரங்களில், இலுப்பை உட்பட, ஒவ்வொன்றுதான். வேம்பிலிருந்துதான் திட்டுக்கும் வழி.

நிழல் தண்ணீரை நெருங்கிவிட்டது. ஆள்காட்டி திட்டைப் பார்த்தது.

"வேம்புல கை வைக்காதீங்க," என்றாள் அதன் மனைவி. "அதுதான் நம்ம வாசல்."

"அந்த ஏழும் இதுவரைக்கும் ஒரு அடி நகரலையே."

"நகராம இருக்கறதே அந்த இருபதாலதான்."

"இத்தனையும் பிடிச்சுட்டு ஒரு திட்டை விட்டுட்டான்னு பேரு வாங்கவா?"

அது பத்தொன்பது கொட்டைகளை எடுத்துத் திட்டில் வைத்தது.

மைனா கட்டத்திலிருந்து நிமிர்ந்தது. "நாம பேசி வச்சிருந்தோமே, மாமா."

"ஆட்டத்துல பேச்சு ஏது?"

விதிப்படி மைனாவின் மூன்று குஞ்சுகளும் அப்போதே கருவேலத்திலிருந்து இறக்கப்பட்டன. ஏரிச் சேற்றில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இந்த விதிக்குத் தாங்களும் தலையாட்டினோம் என்பது மற்றப் பறவைகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தவிட்டுக்குருவிகளின் முறை. மூத்தவள் மூன்று கொட்டைகளைப் போட்டாள். இருபத்தொன்று. ஒன்றை விட்டுவிட்டு இருபதோடு வேம்பில் நுழைந்தாள். அங்கே இருந்தது ஒன்று. வேம்பில் ஒன்றை விட்டுப் பத்தொன்பதோடு புங்கனுக்கு. அங்கேயும் ஒன்று. பிறகு நாவல், அத்தி, மருதம். எதையும் யோசிக்கவோ எண்ணவோ அவளுக்குத் தேவை இருக்கவில்லை. பதின்மூன்றாவதாக இலுப்பையில் நுழைந்தபோது அவளிடம் இன்னும் எட்டுக் கொட்டைகள் இருந்தன.

ஆள்காட்டியின் பத்தொன்பதும் திட்டில் பத்திரமாக இருந்தன. அது அவற்றைப் பார்த்தது, இலுப்பையைப் பார்த்தது, மறுபடி அவற்றைப் பார்த்தது. நிழல் தண்ணீரைத் தொட்டது.

"முட்டைகளை இறக்கலாம்," என்றது நாரை.

மூத்தவள் பாறையோரம் நின்றவர்களைப் பார்த்தாள். "இந்த விதிய நாங்க கேக்கல. மரமெல்லாம் இப்ப எங்களது. எல்லாரும் அவங்கவங்க இடத்துல ஏறிக்குங்க."

ஆள்காட்டியும் சிறகை விரித்தது.

"அவர் ஏறினா நான் ஏறல," என்றது மைனா. சேற்றிலிருந்து ஒரு குஞ்சைத்தான் அதனால் தூக்க முடிந்திருந்தது.

மூத்தவள் ஆள்காட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. "மைனா ஏறட்டும்," என்றாள்.

கணவனும் மனைவியும் நான்கு முட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். மறைப்பு எதுவும் இல்லை. சரளைக்கல் நடுவே, கல்லோடு கல்லாக வைத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு மாடு அந்த வழியாக வந்தது. தண்ணீர் குடிக்க வந்த மாடு. அதுவரை வாயடைத்துப்போயிருந்த ஆள்காட்டி அதன் முகத்துக்கு நேரே பறந்து கத்தியது.

அன்று முதல்தான் ஆள்காட்டி எந்த மரத்திலும் உட்காராமல், வெறும் தரையில் முட்டையிட்டு, தூரத்தில் யார் தலை தெரிந்தாலும் இரவு பகல் பாராமல் கத்துகிறது. வருகிறவர் சும்மா தன் வழியே போகிறவர்தான் என்று யார் சொன்னாலும் இன்றுவரை அது நம்புவதில்லை.