மோட்டாரோடு பேசிய முள்ளம்பன்றி

ஏரிக்கரை உடைந்தபோது பெரிய பானையைப் பாறையில் போட்டு உடைத்தது போல ஒரு சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி வடிவு அப்போது குட்டி. அன்றைய வெள்ளம் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்த வளைகளை அடித்துப் போனது. அவள் அம்மாவையும் கொண்டு போனது.

வளர்ந்தபின் வடிவு அதே ஏரியின் மதகு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கம்ப்யூட்டர்களில் ஓடியது எல்லாம் ஒரே கம்பெனியின் மென்பொருள். அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்க முடியாது. வடிவு மட்டும் தன் கம்ப்யூட்டரில், யாரும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் போட்டுக்கொண்டாள். உள்ளே பார்க்க முடியாத எதையும் நம்பி ஏரிக்குக் கீழே குடியிருக்க அவளுக்கு மனமில்லை.

நெட்வொர்க்கைக் கவனித்த நரி கோதண்டத்துக்கு இது பிடிக்கவில்லை. சர்வர் என்ற தலைமைக் கம்ப்யூட்டரிடம் அனுமதி பெற்றுத்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காலையில் திறக்க வேண்டும் என்பது அவன் வைத்த விதி. வடிவின் கம்ப்யூட்டரை அந்த அனுமதிப் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்றான். மதகு மென்பொருளும் லினக்ஸில் ஓடாது என்று சொல்லிச் சிரித்தான்.

“எல்லாரும் ஒரு வழியில போனா, உனக்கு மட்டும் என்னம்மா தனி வழி?”

“வேற வழி இருக்கான்னு பாக்கத்தான் சார்.”

மதகை இயக்கும் மோட்டாரும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தது. எருமை மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, வடிவு அந்த மோட்டாரோடு சர்வர் வழியே போகாமல் நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டாள். அதோடு இணைந்த அளவுமானி காட்டும் நீர்மட்டத்தைத் தினமும் கேட்பாள். அது பதில் சொல்லும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து சர்வர் தன்னைத் தானே புதுப்பிக்கத் தொடங்கி, பாதியில் நின்றது. அனுமதி தர ஆளில்லை. எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை. மதகைக் கையால் சுற்றும் சக்கரத்தை, இனி எதற்கு என்று கோதண்டம் முன்பே கழற்றிவிட்டிருந்தான். கம்பெனிக்குப் போன் செய்தால், காத்திருக்கும்படி ஒரு கிளி திரும்பத் திரும்பச் சொன்னது.

பள்ளத்து வளைகளில் முயல்கள் குட்டிகளோடு இருந்தன.

வடிவின் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மேலாளர் அங்கே வந்து நின்றார். மதகைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

“இதுவரைக்கும் திறக்கச் சொன்னதில்லைங்கய்யா. சொல்லிப் பாக்கறேன்.”

அனுமதியில்லாத கம்ப்யூட்டர் என்று கோதண்டம் குறுக்கே வந்தான்.

“அனுமதி குடுக்கற சர்வரே படுத்துடுச்சே சார்” என்றாள் வடிவு.

ஒரு வரி தட்டினாள். பதில் இல்லை. ஓர் எழுத்தைத் திருத்தி மறுபடி தட்டினாள். மதகுக் கதவு முனகியது, பிறகு உயர்ந்தது. தண்ணீர் கால்வாயில் பாய்ந்து ஆற்றைப் பார்த்து ஓடியது. கரையில் நின்ற குரங்குகள் கூத்தாடின. பள்ளத்தில் ஒரு வளையும் நனையவில்லை.

அடுத்த மாதம் எல்லா மேசைக்கும் லினக்ஸ் வந்தது. நெட்வொர்க் வடிவின் பொறுப்பானது.

தன் வீட்டுச் சாவியை முழுவதுமாகப் பிறர் கையில் கொடுத்தவர், அவசரத்தில் தன் வாசலிலேயே நிற்க நேரும்.

கோதண்டம் இப்போது பக்கத்துக் காட்டில் அதே கம்பெனிக்கு விற்பனையாளனாக இருக்கிறான்.