கண்டவர்மன் ராஜாவின் உப்பில்லாத விருந்து

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மணற்கோட்டை என்கிற நாட்டைக் கண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் விருந்தாளி ஒருவர் புளிக்குழம்பை "ஆகா, அமிர்தம்!" என்று புகழ்ந்துவிட்டு, வெளியே போய்க் காறித் துப்பியதை ராஜா மாடத்திலிருந்து பார்த்துவிட்டான். பிடித்தது சனி. அன்றே ஒரு சட்டம் போட்டான்.

"என் பந்தியில் யாராவது சாப்பாட்டைக் குறை சொன்னால், சமைத்தவனை நாடு கடத்துவேன். குறையிருந்தும் நன்றாயிருக்கிறது என்று பொய் சொன்னால், சொன்னவனை நாடு கடத்துவேன்!"

இப்படியொரு சட்டத்தின் கீழ் மனிதனுக்குச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும்? அரண்மனைச் சமையற்காரன் கூத்தபிரானின் கை நல்ல கை, அதனால் எல்லாரும் பிழைத்தார்கள். ராஜா வாயில் வைப்பதற்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் கூத்தபிரானும் ஒரு சொட்டு நாக்கில் விடாமல்தான் சமைப்பான்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. பெரிய பந்தி. ராஜா முதல் கவளத்தை வாயில் போட்டான். குழம்பில் உப்பில்லை. கூட்டில் இல்லை. ரசத்திலும் இல்லை. வாயைத் திறக்காமல், மீசைக்குள் சிரித்துக்கொண்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தான். வரிசையாக எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் மென்றார்கள்.

பந்தி அதிகாரி வல்லபராயருக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். அமைச்சர் தீர்த்தகிரியின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, எங்களுக்கெல்லாம் நாக்கு ஏது? அமைச்சரைக் கேளுங்கள். பொய்யே பேசாதவர் என்று பேர் வாங்கியவராயிற்றே!"

"சரியாகச் சொன்னீர். அமைச்சரே, சாப்பாடு எப்படி?"

தீர்த்தகிரி குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் கூத்தபிரான் சோறு போட வந்தபோது, அவன் கண் வீங்கியிருப்பதைப் பார்த்து, "என்னய்யா ஆயிற்று?" என்று மெதுவாகக் கேட்டிருந்தார். அவன் நாலு வார்த்தை சொல்வதற்குள் வல்லபராயர் அதட்டி விரட்டிவிட்டார். அந்த நாலு வார்த்தையே அமைச்சருக்குப் போதும்.

இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு இலையைத் தன் பக்கமாக மடிக்காமல், எதிர்ப்பக்கமாக மடித்தார்.

பந்தியே ஆடிப்போய்விட்டது. சாவு வீட்டில் அல்லவா அப்படி மடிப்பார்கள்!

"அமைச்சரே!" ராஜா எழுந்தே விட்டான். "என் பிறந்தநாளில் இது என்ன அபசகுனம்?"

"மன்னிக்க வேண்டும், மன்னா. சாப்பாட்டில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குறை சொல்லவும் வாய் வரவில்லை. இது சாவு வீட்டுக்காரன் சமைத்த சாப்பாடு. சாப்பாட்டை விட்டுவிட்டு, சமைத்தவனை என்ன ஏது என்று கேட்க எனக்கு உத்தரவு கொடுங்கள்."

ராஜா தலையசைத்தான். கூத்தபிரான் வந்து நின்றான்.

"கூத்தபிரானே, உன் கை இப்படிச் சமைக்கிற கை இல்லையப்பா. என்ன நடந்தது என்று ராஜாவிடம் சொல்."

"சாமி, உப்புப் போடுறது எப்பவும் என் மக செங்கமலம்தான். நான் கிளறிக்கிட்டே இருப்பேன், அவ வந்து அள்ளிப் போட்டுட்டுப் போவா. அவ அம்மா போனதிலேர்ந்து அப்படித்தான். இன்னிக்குக் காலையில கிணத்தடியில அவளைப் பாம்பு தொட்டிருச்சு. ஆள் வந்து சொன்னப்போ, எல்லாம் முடிஞ்சுபோச்சு சாமி. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். ஆனா கை பழக்கம் பாருங்க. அவ போட்டிருப்பான்னே நெனச்சு எல்லாத்தையும் இறக்கிட்டேன்."

"தீட்டோடு அரண்மனை அடுப்பைத் தொட்டாயா!" என்று பாய்ந்தார் வல்லபராயர்.

"தொட வைத்தது யார், அதிகாரியே?" என்றார் தீர்த்தகிரி.

"போகணும்னு இவங்க கால்ல விழுந்தேன் மகாராஜா," என்றான் கூத்தபிரான். "பந்தி முடியாம வாசல் தாண்டினா நாட்டைவிட்டே தொரத்திடுவேன்னாங்க. இப்ப தொரத்தினாலும் சரி. பொழுது சாயறதுக்குள்ள எடுத்திடுவாங்க. அவளுக்கு வாய்க்கரிசி போட என்னை விட்டா வேற ஆளில்லை. அதை மட்டும் போட்டுட்டுப் போயிடறேன்."

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"தேரைப் பூட்டுங்கள்!" என்று கத்தினான். பூட்டுவதற்குள் வல்லபராயர் பக்கம் திரும்பினான். "உம்முடைய அதிகாரம் இதோடு சரி. காரியம் முடிகிறவரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வேளாவேளைக்கு நீரே சமைத்து, நீரே தலையில் சுமந்து போய்ப் பரிமாறும். அங்கே யாராவது குறை சொன்னால் கைகட்டி நின்று கேளும். என் சட்டமும் இன்றோடு ஒழிந்தது. அமைச்சரே, இன்று நீர் அந்த இலையை மடிக்காவிட்டால், இந்தப் பாவத்தை அறியாமலே தூங்கியிருப்பேன். கேளும், என்ன வேண்டும்?"

"தேர் சீக்கிரம் கிளம்ப வேண்டும், மன்னா," என்றார் தீர்த்தகிரி.

ராஜாவே கடிவாளத்தைப் பிடித்தான். பக்கத்தில் கரிபடிந்த வேட்டியோடு கூத்தபிரான். போய்ச் சேர்ந்தபோது பாடை தெருமுனை தாண்டிவிட்டது. சட்டம் போட்டே பழகிய வாய், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கெஞ்சியது.

"ஐயா, அப்பன் வந்துவிட்டான். கொஞ்சம் இறக்குங்களேன்."

இறக்கினார்கள். யாரோ அரிசியை நீட்டினார்கள். ஊருக்கெல்லாம் சோறு அள்ளிப் போட்ட கை, நாலு அரிசியை எடுக்க முடியாமல் நடுங்கியது. பாதி மண்ணில் சிந்தியது. ராஜா மண்டியிட்டு, அந்தக் கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்தான்.

"சாப்பிடும்மா," என்றான் கூத்தபிரான்.