புகை வராத வீடு

மலைமேல் ஓர் ஆசிரமம். அதற்குக் கீழே சரிவில் ஏழு வீடுகள். ஆசிரமத்தின் குரு சுமேதா அம்மையாருக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் கங்காதரனுக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வாயை மூடச் சொன்னவர். ஓய்வு பெற்றதும், தன் வாயையும் கொஞ்சம் மூடிப் பார்க்கலாம் என்று மலையேறி வந்திருந்தார்.

பனி கொட்டும் நாட்களில் அங்கே யாரும் அவசரமில்லாமல் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். விடிந்ததும் வீட்டுக்கு வீடு அடுப்பில் பச்சைத் தழையைப் போடுவார்கள். புகை எழுந்தால் அந்த வீட்டில் எல்லோரும் நலம். எழாவிட்டால், ஆசிரமத்திலிருந்து பார்ப்பவர் அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். அக்கம்பக்கத்தார் மண்வெட்டியோடு ஓடுவார்கள்.

அந்தக் குளிர்காலம் பார்க்கிற வேலை கங்காதரனுடையது. கூடவே இருபத்தொரு நாள் மௌன விரதத்துக்கும் அனுமதி கேட்டார். புகையைப் பார்க்க வாய் எதற்கு என்று வாதாடினார்.

"பார்ப்பதற்கு வேண்டாம்தான்" என்றார் குரு.

பத்தொன்பதாம் நாள் காலை. பனி பாதிக் கதவை மறைத்திருந்தது. விட்ட மூச்சு மீசையிலேயே உறைந்தது. கங்காதரன் பார்த்தார். ஆறு வீடுகளில் புகை. கடைசி வீட்டில் இல்லை. அங்கே ருக்மா என்கிற பெண் தனியாக இருந்தாள்.

வாயைத் திறந்தார். இன்னும் இரண்டே நாள். மூடிக்கொண்டார்.

உள்ளே போய்ப் பலகையைத் தேடினார். சாக்கட்டியைத் தேடினார். பிழையில்லாமல், முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து எழுதினார். குருவோ மேல்சரிவில் உறைந்த ஊற்றை உடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு பனியில் அவரிடம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

குரு படித்தார். நின்ற இடத்திலிருந்தே கூவினார். குளிர்காற்று அந்தப் பெயரைக் கீழே வரைக்கும் கொண்டுபோனது.

கூரை இடிந்திருந்தது. ருக்மாவை உயிரோடு எடுத்துப் பக்கத்து வீட்டில் கிடத்தினார்கள். வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன. இனி அவை தேறாது என்றார்கள்.

அன்று மாலை கங்காதரன் பேசினார். "அம்மா, நான் உடனே கூவியிருந்தால் அவள் விரல்கள் தப்பியிருக்குமா?"

"எனக்குத் தெரியாது. வாருங்கள்."

இருவரும் பனியில் இறங்கிப் போனார்கள். கங்காதரன் ருக்மாவிடமும் அதையே கேட்டார்.

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் சாமி" என்றாள் ருக்மா. "உள்ளே ஒரே இருட்டு. கத்தினால் மூச்சு தீர்ந்துவிடும் என்று கத்தவில்லை. மேலேயிருந்து யாராவது என் பேரைச் சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை."

கங்காதரன் குருவைப் பார்த்தார்.

குரு சொன்னார்: "உங்கள் மௌனத்தை முழுசாகக் கேட்டது இவள் ஒருத்திதான்."