பின்சீட்டு

"இரண்டில் எதை வாங்கட்டும், மாஸ்டர்?"

மணவாளன் வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். பஸ்ஸிலிருந்து கூட்டு ரோட்டில் இறங்கி, முக்கால் மணி நேரம் வெயிலில் நடந்து வந்திருந்தார்.

நஸ்ரீன் அப்போது ஒரு வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, செயின் முழுக்க நனைந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"உட்காருங்க, சார்."

உட்கார அங்கே ஒரு பழைய டயர்தான் இருந்தது. மணவாளன் உட்கார்ந்தார்.

ஏலகிரி மலையின் அடிவாரத்தில் தண்ணீர் கண்டு பல வருஷமான ஏரி அது. அதன் செம்மண் தரையில் நஸ்ரீன் ஞாயிறுதோறும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தார் ரோட்டில் இல்லை. மண்ணில், சரளையில், மேட்டில், பள்ளத்தில். வாணியம்பாடிக்காரர். வயது முப்பத்து நாலு. ஒரு காலத்தில் பாலைவனப் பந்தயங்களில் ஓட்டியவர். அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மணவாளனுக்கு ஐம்பத்து மூன்று. வேலூரில் வாகன விபத்து சர்வேயர். நொறுங்கிய வண்டியைச் சுற்றிவந்து, ரோட்டில் பிரேக் தடம் பார்த்து, இது எப்படி நடந்தது என்று எழுதிக்கொடுப்பது அவர் தொழில். இருபத்தெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். அவர் எழுதினால் கோர்ட்டில்கூட மறுபேச்சு இருக்காது என்று பெயர்.

தன் சொந்த விஷயத்தில் மட்டும் பதினாலு மாதமாக அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இரண்டுமே மலைக்கும் மண்பாதைக்கும் என்று செய்த வண்டிகள். ஒன்று மஞ்சள். ஒற்றை சிலிண்டர், எடை குறைவு, சொன்னபடி திரும்பும். இன்னொன்று கறுப்பு. இரட்டை சிலிண்டர், கனம், நெடுந்தூரத்துக்கு ஆடாமல் அசையாமல் போகும். இரண்டும் நஸ்ரீனின் பயிற்சிக் களத்தில் இருந்தன. அதனால்தான் தேடி வந்திருந்தார். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க ஒப்பிட்டு எழுதியும் வைத்திருந்தார்.

நஸ்ரீன் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை.

"யாருக்கு வண்டி?"

எனக்கும் என் மனைவிக்கும், என்றார் மணவாளன். இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டி வரை போகவேண்டும் என்பது திலகவதியின் பழைய ஆசை. கல்யாணமான புதிதில் பனிமலையும் மடமுமாக ஒரு காலண்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு தடவை போகணும் என்றிருந்தாள். அந்த நாளில் இருவரும் வண்டியில் போகாத ஊரில்லை. ஆகும்பே, தனுஷ்கோடி, ஒரு தடவை கோவா வரைக்கும்.

"இப்ப?"

இப்போது அவள் வண்டியில் ஏறுவதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்து. இடுப்பில் எஃகுத் தகடு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சாய்த்து நடப்பாள். தரையில் உட்கார முடியாது. வண்டியில் போகலாமா என்று எப்போது கேட்டாலும், நீங்க போங்க, நான் பஸ்ல வரேன் என்பாள். கோபமாகச் சொன்னதில்லை. காரணமும் சொன்னதில்லை. பயந்துவிட்டாள், என்றார் மணவாளன். அவள் பயப்படாமல் ஏறக்கூடிய வண்டி எது என்பதுதான் தன் கேள்வி.

நஸ்ரீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி நடந்துச்சு?"

மணவாளன் அதை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் பாதை. வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. வண்டியின் பின்டயர் தேய்ந்திருந்தது. பிரேக் பிடித்ததும் சறுக்கியது.

"அந்த வண்டி?"

"அதே மாசம் வித்துட்டேன், மாஸ்டர்."

நஸ்ரீன் எழுந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

*

அன்றைக்கு மஞ்சள் வண்டி.

ஏரிக்கரையிலிருந்து களத்துக்குள் இறங்கும் சரிவு ஒன்று இருந்தது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதில் மெதுவாக இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

மணவாளன் பாதிச் சரிவில் விழுந்தார்.

அடி எதுவும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, இதற்கு முன்பக்கம் ரொம்ப லேசு, கையில் நிற்கவில்லை என்றார்.

நஸ்ரீன் கேட்டுக்கொண்டார். அவர் விழுந்த இடத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கறுப்பு வண்டி.

அதே சரிவு. இந்தத் தடவை வண்டி முதலில் சாய்ந்தது, பின்னால் அவர். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கனம் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது, இதைத் திலகவதிக்கு எப்படிக் காட்டுவது என்றார்.

நஸ்ரீன் இன்னொரு குச்சியை நட்டார். இரண்டு குச்சிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

மணவாளன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழகிய கண். மண்ணில் பதிந்திருந்த தடங்களை அவருக்கு யாரும் படித்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டு தடமும் ஒரே இடத்தில்தான், பிரேக்கை இறுக்கியதில், திடீரென்று ஆழமாகியிருந்தன.

"இந்த இடத்துல ஏதோ இருக்கு, மாஸ்டர். மண்ணு சரியில்லை."

"காலைல பதினாலு பேர் இதுல இறங்கினாங்க, சார்."

மணவாளன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். அந்த வாரம் முழுவதும் எந்த விபத்து வண்டியைப் பார்க்கப் போனாலும் அவருக்கு அறிக்கையின் முதல் வரி வரவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

மூன்றாவது ஞாயிறு அவர் வந்தபோது நஸ்ரீன் கறுப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னாடி ஏறுங்க, சார்."

எப்படி ஓட்டுவது என்று காட்டப்போகிறார் என்று மணவாளன் நினைத்தார். ஏறினார். காலை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தேடவேண்டியிருந்தது. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளுக்குப் பிறகு அவர் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை.

வண்டி ஏரிக்கரை மேல் ஏறியது.

கரை குறுகல். ஒரு பக்கம் கருவேலம் புதர், ஒரு பக்கம் பள்ளம். நஸ்ரீன் கியரை மாற்றினார். மாற்றினார். இன்னும் மாற்றினார். மணவாளனுக்கு எதிரே நஸ்ரீனின் ஹெல்மெட்டும், அதன் ஓரத்தில் ஒரு கீற்று பாதையும் தெரிந்தன. அவ்வளவுதான் தெரிந்தது. வண்டி எப்போது சாயும் என்பது சாய்ந்த பிறகுதான் உடம்புக்குத் தெரிந்தது. பிடிக்க ஹேண்டில் இல்லை. மிதிக்க பிரேக் இல்லை. ஆனாலும் அவர் வலது கால் காற்றை மிதித்துக்கொண்டே இருந்தது.

கரை ஓரிடத்தில் உடைந்திருந்தது. பழைய வெள்ளத்தில் போன உடைப்பு. வண்டி நீளத்துக்கு ஒரு வெற்றிடம்.

அந்தக் கீற்றுப் பாதையில் மணவாளன் அதைப் பார்த்தார். நஸ்ரீனும் பார்த்திருக்கவேண்டும். வேகம் குறையவில்லை.

அவர் கை தானாக எழுந்தது. நஸ்ரீனின் தோளை இரண்டு தடவை தட்டியது.

வண்டி நின்றது.

சறுக்கவில்லை, ஆடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உடைப்புக்கு நல்ல தூரத்தில் நின்றது. நஸ்ரீன் என்ஜினை அணைத்தார். புதரில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது.

"ஏன் தட்டினீங்க, சார்?" திரும்பாமலேயே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுதோ இல்லையோன்னு..."

"தட்டினது தெரிஞ்சுது. நின்னுட்டேன்."

மணவாளன் இறங்கவில்லை.

நஸ்ரீன் இறங்கச் சொல்லவும் இல்லை. இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். வெயில் ஏறியது. நஸ்ரீனின் முதுகைப் பார்த்தபடியே மணவாளன் பேச ஆரம்பித்தார்.

ஜவ்வாது மலை இறக்கத்தில் அன்றைக்கு மூன்று பையன்கள் பைக்குகளில் அவரை முந்திக்கொண்டு போனார்கள். ஒருவன் போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முன்னால் ஒரு பஸ். அடுத்தது வளைவு. அவர்கள் பஸ்ஸையும் முந்திவிட்டார்கள். அவரும் வலது பக்கம் ஒதுங்கினார்.

அப்போது திலகவதி தோளைத் தட்டினாள். இரண்டு தடவை.

"தெரிஞ்சுது, மாஸ்டர். நல்லாத் தெரிஞ்சுது. எனக்குக் கோபம் வந்துச்சு. இவகூட என்னை நம்பலையேன்னு ஆக்சிலேட்டரை முறுக்கினேன்."

எதிரே டிராக்டர் வந்தது. மீதியெல்லாம் அவர் எல்லோரிடமும் சொல்லிவந்ததுதான். ஜல்லி கிடந்தது உண்மை. டயர் தேய்ந்திருந்ததும் உண்மை.

நஸ்ரீன் இப்போதுதான் திரும்பினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் இரக்கமோ கண்டிப்போ எதுவும் தெரியவில்லை.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன, சார்?"

எந்த வண்டி என்று மணவாளன் அன்றைக்குக் கேட்கவில்லை. நஸ்ரீனும் சொல்லவில்லை. களத்துக்குத் திரும்பும்போது மெதுவாகத்தான் ஓட்டினார். கூட்டு ரோடு வரை அப்படியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

*

வீட்டுக்கு வரும்போது மாலை நாலு மணி இருக்கும்.

திலகவதி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்றைக்கும் விழுந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். சட்டை அழுக்காகவில்லையே என்று அவளே சொல்லிக்கொண்டாள். டீ போடட்டுமா என்று எழப் போனாள்.

"இரு, திலகா."

அவர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அவளும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொல்வது சுலபமாக இல்லை. வழியெல்லாம் பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். எதுவும் வாயில் வரவில்லை. பையன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். திலகவதி கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். இந்தக் கதை எதற்கு இப்போது என்பது போல ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நீ என் தோளைத் தட்டினே."

அவள் விரல்கள் நின்றன.

"எனக்குத் தெரிஞ்சுது திலகா. வேண்டாம்னு நீ சொல்றது புரிஞ்சுது. தெரிஞ்சேதான் வேகமாப் போனேன். ஜல்லியும் இல்ல, டயரும் இல்ல. நான்தான்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தார். எதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

திலகவதி தன் வலது கையை முறத்திலிருந்து எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டினதாலதான் வண்டி ஆடிப்போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேங்க," என்றாள். "பத்து வருஷமா."