அரசர் எடுத்த விடுப்பு

மலையடிநாட்டு அரசர் திருமுடி ராயருக்கு ஒரு கத்தரிக்காய்க் கூட்டினால் கோபம் வந்தது.

பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் அந்தக் கூட்டை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கைகழுவப் போன இடத்தில்தான் தெரிந்தது, சமைத்தவன் அவருடைய சொந்தச் சமையற்காரன். வயிற்றுவலி என்று விடுப்பு வாங்கிப் போனவன்.

“அரண்மனையில் ஒரு நாளாவது இப்படிச் சமைத்தானா?” என்று குதித்தார் ராயர்.

பிரதானி வேங்கடமாலைக்குச் சட்டம் எழுதுவதென்றால் சர்க்கரைப் பொங்கல். அன்றே எழுதிவிட்டார்: விடுப்பில் இருப்பவர் எவராயினும் தம் தொழிலைச் செய்யலாகாது. பணியில் இருப்பவர் எவராயினும் பிறர் தொழிலைச் செய்யலாகாது. மீறினால் சிறை.

அதன்பிறகு நாடு வேடிக்கையாகிவிட்டது. விடுப்பில் போன நாவிதர் தாடியோடு திரும்பினார். வாயிற்காவலன் தன் வீட்டுக் கதவைச் சாத்த முடியாமல், உள்ளே வந்த ஆடுகளோடு படுத்துக்கொண்டான். அரசரின் உணவைச் சுவைத்துப் பார்ப்பவன் பாவம், விடுப்பு முழுக்கப் பட்டினி. விடுப்பில் போன இரவுக்காவலன் விழித்திராமல் தூங்குகிறானா என்று பார்க்க, பிரதானி தூங்காத இன்னொருவனை அனுப்பினார்.

எல்லோரும் சிரித்தார்கள். அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அழகம்மையும் சிரித்தாள், ஒப்பாரிக்காரி மூக்காயி அவள் முன்னால் வந்து நிற்கும் வரை.

“எங்காத்தா விடிகாலையில போயிட்டாம்மா. பிரதானிகிட்ட விடுப்பு கேட்டேன். எடுத்துக்கோ, ஆனா அழுகை உன் தொழில், ஒரு சொட்டு விழுந்தாலும் சிறைன்னுட்டாரு. கண்ணைப் பார்க்க ரெண்டு காவலாளியும் கூட வர்றாங்க.” மூக்காயியின் குரல் வறண்டிருந்தது. “ஊர்ல யார் செத்தாலும் அழுதவம்மா நான். பெத்தவளுக்கு அழக்கூடாதாம்.”

அழகம்மை வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டாள். “நான் வரும்வரை பிணத்தை எடுக்காதே. போ.”

ராயர் ஊஞ்சலில் இருந்தார்.

“முகம் வாடியிருக்கிறதே மகாராஜா. இன்று விடுப்பு எடுத்துக்கொள்ளுங்களேன்.”

“அரசனுக்கு ஏது விடுப்பு?”

“எவராயினும் என்றுதானே சட்டம் சொல்கிறது?”

ராயருக்கு அது இனித்தது. “அப்படியானால் இன்று எனக்கு விடுப்பு!” என்று சபையே கேட்கச் சொன்னார். பிரதானி கைதட்டினார்.

“அழகம்மை, வெற்றிலை மடி.”

அவள் அசையவில்லை.

“காதில் விழவில்லையா?”

“விழுந்தது மகாராஜா. ஆணையிடுவது தங்கள் தொழில். தாங்களோ விடுப்பில் இருக்கிறீர்கள்.”

“என்ன திமிர்! காவலர்களே, பிடியுங்கள் இவளை!” என்று ராயர் துள்ளி எழுந்தார்.

காவலர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள்.

“பிரதானி, நீராவது சொல்லும்!”

பிரதானிக்கு வியர்த்தது. “ஆணையிடுவது பிறர் தொழில், பிரபு. நான் பணியில் இருக்கிறேன்.”

“சட்டத்தை நீக்கினேன்!”

“அதுவும் தொழில்” என்றாள் அழகம்மை.

“என் விடுப்பு முடிந்தது!”

“அதுவும் ஆணைதானே?”

ராயர் ஊஞ்சலில் தொப்பென்று உட்கார்ந்தார். “அப்படியானால் சாகும்வரை நான் விடுப்பிலேயே இருக்க வேண்டியதுதானா?”

“வழி இருக்கிறது. ஆணையிடுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், அதுவும் விடுப்பில் இருப்பவர், ஆணையிட்டால் குற்றமில்லை. இன்று அப்படி விடுப்பில் இருப்பவள் நாட்டிலேயே ஒருத்திதான், தாயைப் பறிகொடுத்த ஒப்பாரிக்காரி மூக்காயி.”

பல்லக்குத் தூக்கிகளை அழைக்கவும் முடியாது. ராயர் வெயிலில் நடந்தார். அரசர் போகுமிடமெல்லாம் வெற்றிலைப் பையும் போக வேண்டுமே, அழகம்மை பின்னால் நடந்தாள்.

துக்க வீட்டில் மூக்காயி தாயின் காலடியில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு காவலாளிகளும் அவள் முகத்தருகே குனிந்திருந்தார்கள்.

“இமை நனையுதே?”

“வேர்வைடா அது.”

அழகம்மை விஷயத்தைச் சொன்னாள். மூக்காயிக்கு நம்பிக்கை வரவில்லை. “எது வேணா சொல்லலாமாம்மா?”

“சொல்லு. இன்று நீதான் ஆள்கிறாய்.”

மூக்காயி அரசரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்காத்தா போனப்ப ராசா கண்ணு கலங்கக்கூடாதுன்னு பிரதானி சொன்னாரு. நீங்க ஆசனத்தை விட்டு எந்திரிக்கல. உங்களுக்கும் சேர்த்து நாந்தான் அழுதேன். இப்ப எங்காத்தாவுக்கு நீங்க அழுங்க.”

பின்னால் ஓடிவந்த பிரதானி வாயைத் திறந்து, இது யார் தொழிலோ என்று பயந்து மூடிக்கொண்டார்.

ராயருக்கு அழத் தெரியவில்லை. முதலில் விக்கல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு மூக்கைச் சீந்தினார். பிறகு, தண்ணீரே இல்லை என்று மூடிவிட்ட கிணற்றில் ஊற்று திறந்தாற்போல, “அம்மா” என்றார். எந்த அம்மாவை என்று யாரும் கேட்கவில்லை.

மூக்காயி பொறுத்திருந்து சொன்னாள். “போதும் மகாராசா. உங்க விடுப்பு முடிஞ்சுது. அந்தச் சட்டத்தை எடுத்துருங்க. இனி நானே அழுதுக்கறேன்.”

“எடுத்தேன்” என்றார் ராயர்.

மூக்காயி தாயின் மேல் விழுந்தாள். அவள் குரலின் ராகம் நாட்டில் எல்லோருக்கும் பழக்கம். அன்று அழுத அழுகையில் ராகமே இல்லை.

காவலாளிகள் திரும்பி நின்றுகொண்டார்கள்.

தெருமுனை தாண்டியதும் ராயர் தலைப்பாகை நுனியால் முகத்தைத் துடைத்தார். “நான் அழுதது எப்படி, அழகம்மை?”

“சுருதி துளியும் சேரவில்லை. அதனால்தான் நம்பும்படி இருந்தது.”

துக்க வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ராயர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, தானே சுண்ணாம்பு தடவி, கோணல்மாணலாக மடித்து அவளிடம் நீட்டினார். பிறகு பின்னால் திரும்பினார்.

“பிரதானி, சட்டம் ஒழிந்தது. ஆனால் ஒருவருக்கு மட்டும் அது இருக்கட்டும்.”

“யாருக்குப் பிரபு?”

“உமக்குத்தான். இன்றிலிருந்து நீர் நீண்ட விடுப்பில் இருக்கிறீர். உம் தொழில் என்னவென்று ஞாபகம் இருக்கிறதல்லவா?”